பக்கத் தையல் வயிற்றுக்கு வந்த சட்டை: பின்னல் துணியில் நான் கற்றுக்கொண்டவை

நான்காவது சலவைக்குப் பிறகு அந்தச் சட்டையை மகனுக்கு அணிவித்தபோது, விலாவோடு நேராக இறங்க வேண்டிய பக்கத் தையல் கீழே வர வர முன்பக்கமாகத் திரும்பி, கீழ் விளிம்பில் ஏறக்குறைய 5 செ.மீ. விலகி வயிற்றின்மேல் நின்றிருந்தது. நீளம் குறைந்திருந்தது. கழுத்துப் பட்டி அலை அலையாகத் தளர்ந்திருந்தது. தோள் தையலை ஒட்டிச் சின்னஞ்சிறு துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்போது நான் தையல் வேலையில் பத்தாண்டுகளுக்கும் மேல் பழகியிருந்தேன்; நெய்த பருத்தித் துணியில் எந்தச் சட்டையையும் அளவெடுத்த அன்றே வெட்டித் தைத்துக் கொடுத்துவிடுவேன். அதே கத்தரியும் அதே இயந்திரமும் பனியன் துணி என்று எல்லோரும் சொல்லும் அந்த மெல்லிய பின்னல் துணியை மட்டும் ஏன் இப்படிக் கெடுத்தன என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்த ஒரு சட்டையின் குறைகளுக்குக் காரணம் தேடிப் போனதில் சேர்ந்ததுதான் கீழே எழுதியிருப்பது; தைப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், ஆயத்த ஆடை வாங்குபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

வெட்டி மீந்திருந்த துண்டு ஒன்றின் ஓரத்திலிருந்து நூலை உருவிப் பார்த்ததில்தான் முதல் தெளிவு கிடைத்தது. நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து ஏறக்குறைய நேராகவே கிடப்பதால், உருவி எடுத்த இழை துணியின் அகலத்தைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். இந்தத் துண்டிலோ 10 செ.மீ. அகலத்திலிருந்து வந்த ஒற்றை வரிசை நூலை நிமிர்த்தி அளந்தபோது 39 செ.மீ. இருந்தது. உருவிய நூல், பின்னலை அவிழ்த்த கூந்தலைப் போல நெளிந்து நெளிந்து கிடந்தது. அப்படியானால் இந்தத் துணி இழுத்தால் விரிவது நூல் நீள்வதால் அன்று. வளைந்து நிற்கும் கண்ணிகள் தம் வடிவத்தை மாற்றிக்கொள்வதால்தான். அகலவாக்கில் இழுத்தால் கண்ணியின் கால்களில் இருக்கும் நூல் தலைப்பக்கம் நகர்ந்து, கண்ணி குட்டையாகி அகலும். நெடுக்காக இழுத்தால் அதற்கு நேர்மாறாக ஒல்லியாகி நீளும். நூலின் மொத்த நீளம் மாறுவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, இடம் மாறும் நூலை இடம் மாறாத நூலாக நினைத்துக் கத்தரி வைத்ததால் வந்தவை.

மேலிருந்து கீழாகத் தூண்போல் அடுக்கி நிற்கும் கண்ணிகளின் வரிசையைத் தொழிலில் வேல் என்றும், குறுக்கே ஓடும் வரிசையைக் கோர்ஸ் என்றும் சொல்வார்கள். ஒற்றைப் பின்னல், அதாவது சிங்கிள் ஜெர்சி எனப்படும் பனியன் துணியின் முகப்பில் சின்னச் சின்ன ஆங்கில ‘வி’ எழுத்துகளாக வேல்கள் தெரியும். பின்புறத்தில் பாதி வளையங்கள் படிப்படியாகத் தெரியும். எல்லாக் கண்ணிகளும் ஒரே திசையில் இழுக்கப்பட்டிருப்பதாலும், வளைக்கப்பட்ட நூல் எப்போதும் நிமிரப் பார்ப்பதாலும், வெட்டிய ஓரங்கள் தாமாகவே சுருண்டுகொள்ளும். பக்க ஓரங்கள் பின்புறம் நோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் முகப்பு நோக்கியும் சுருளும். முதலில் எனக்கு எரிச்சலூட்டிய இந்தச் சுருளலே இன்று துணியின் முகப்பையும் நெடுக்கையும் இருட்டில்கூடக் கண்டுபிடிக்க உதவுகிறது. ஓரத்தைச் சற்றே இழுத்துவிட்டால் போதும், எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதை விரலே சொல்லிவிடும்.

இதற்குப் பிறகும் தையல் விலகியதற்கான காரணம் கிடைக்கவில்லை. உறவினர் ஒருவரின் அறிமுகத்தால் ஒரு பின்னல் ஆலையில் சில வாரங்கள் சென்று பார்க்க முடிந்தது. அங்கே வட்டப் பின்னல் இயந்திரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஓய்ந்திருந்த இயந்திரத்திலிருந்து ஓர் ஊசியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தையல் ஊசியையே பார்த்துப் பழகிய எனக்கு அது ஊசியாகவே தோன்றவில்லை. நுனியில் கொக்கி, கொக்கிக்குக் கீழே மேலும் கீழும் அசையும் ஒரு நாக்கு, அவ்வளவுதான். ஊசி மேலே எழும்போது, கொக்கிக்குள் இருந்த பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு கீழே தண்டுக்கு வழுக்கிப்போகிறது. திறந்த கொக்கியில் புது நூல் வந்து விழுகிறது. ஊசி இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கைக் கீழிருந்து தள்ளி மூடிவிட்டு, கொக்கியின் தலைக்கு மேலாகக் கழன்று விழுகிறது. அதன் நடுவே புது நூல் இழுபட்டுப் புதுக் கண்ணி ஆகிறது. கதவைத் திறப்பதும் மூடுவதும் கண்ணியே. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் முதல் காலுறைப் பின்னல் இயந்திரத்தை உருவாக்கியபோது இந்த நாக்கு கிடையாது. வளைந்த கொக்கியின் நுனியை ஒவ்வொரு முறையும் அழுத்தி மூட வேண்டியிருந்தது. நாக்கு ஊசி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். இத்தனை சிறிய அசைவில் இவ்வளவு அறிவு அடங்கியிருப்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு குறையவில்லை.

பெரியவர் காட்டிய இயந்திரம் 30 அங்குல விட்டமும் 24 கேஜும் கொண்டது. கேஜ் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசிகள் என்ற கணக்கு. வட்டத்தின் சுற்றளவோடு பெருக்கினால் 2,260 ஊசிகளுக்கு மேல் வரும். சுற்றிலும் 90 இடங்களில் நூல் ஊட்டப்பட்டது; ஆகவே உருளை ஒரு முறை சுற்றினால் 90 வரிசைகள் பின்னப்பட்டுவிடும். இதில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. 90 நூல்களும் ஒரே சமயத்தில் திருகுபடிபோல் ஏறிச் செல்வதால், வட்டத் துணியின் எந்தக் குறுக்கு வரிசையும் தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து சேர்வதில்லை. 90 வரிசை தள்ளி, ஏறக்குறைய நான்கரை செ.மீ. உயரத்தில்தான் வந்து சேரும். குறுக்குக் கோடு போட்ட ஆடைகளில் இரு பக்கக் கோடுகளையும் பொருத்துவது ஏன் இவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் விளங்கியது. குழாயாக வரும் துணியை வெட்டி விரித்து, ஆலையில் அந்தச் சாய்வை நிமிர்த்தித் தராவிட்டால், தையற்காரர் எவ்வளவு முயன்றாலும் கோடு சரியாக நிற்காது.

நான் கொண்டுபோயிருந்த துண்டைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்த அந்தப் பெரியவர், “நூறு கண்ணி எண்ணி ரெண்டு பக்கமும் குறி வச்சுக்கோங்கம்மா. அந்த வரிசை நூலை உருவி நிமித்தி அளந்து பாருங்க” என்றார். அளந்தேன், 28 செ.மீ. அதாவது ஒரு கண்ணிக்கு 2.8 மி.மீ. நூல். ஆலையில் அவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஒரே நூல், ஒரே இயந்திரம் என்றாலும் கண்ணி நீளத்தை 2.6 மி.மீ. ஆகக் குறைத்தால் துணி நெருக்கமாகி, கனத்து, சற்று விறைக்கும், 3 மி.மீ. ஆகக் கூட்டினால் மென்மையாகி, இலேசாகி, அதே அளவுக்கு நிலையற்றும் போகும். ஒரு சதுர செ.மீ.யில் நிற்கும் கண்ணிகளின் எண்ணிக்கையைக் கண்ணி நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், தளர்ந்து அடங்கிய துணியில் ஏறக்குறைய மாறாத எண் ஒன்று கிடைக்கும் என்று 1959இல் மண்டன் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார். வேறு சொற்களில் சொன்னால், துணியை எப்படி இழுத்தாலும் உருட்டினாலும், நனைந்து ஓய்ந்த பிறகு அது போய்ச் சேரும் அளவைத் தீர்மானிப்பது அதன் கண்ணிக்குள் இருக்கும் நூலின் நீளமே. 90 நூல் ஊட்டிகளில் ஒன்று மட்டும் சற்று அதிகமாகவோ குறைவாகவோ நூல் கொடுத்தால்கூட, சாயமிட்ட பிறகு துணியில் குறுக்குப் பட்டை தெரியும் என்பதால், நூலை அளந்து கொடுக்கும் பட்டைகளை அவர்கள் அத்தனை கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நெடுக்காக ஒரே நேர்கோட்டில் கீறல்போல் ஒரு வரி ஓடினால் அது ஊசியின் குற்றம். குறுக்காக ஓடினால் நூலின் குற்றம் அல்லது ஊட்டியின் குற்றம். துணி வாங்கும்போது இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது பலமுறை எனக்கு உதவியிருக்கிறது.

சட்டை ஏன் குட்டையானது என்பதற்கு இங்கேயே விடை இருந்தது. பின்னும்போது துணி கீழ்நோக்கி இழுத்துச் சுருட்டப்படுகிறது. சாயத்திலும் உலர்த்துவதிலும் மறுபடி நெடுக்காகவே இழுபடுகிறது. அதனால் கண்ணிகள் தம் இயல்பைவிட ஒல்லியாகவும் நீளமாகவும் நிறுத்தப்பட்ட நிலையில் நம் கைக்கு வருகின்றன. முதன்முதலில் தண்ணீரில் தளர்ந்து அசைந்ததும் அவை தம் வடிவத்துக்குத் திரும்புகின்றன. நல்ல ஆலைகள் காம்பேக்டிங் என்ற முறையில் நீராவியும் வெப்பமும் கொடுத்து நெடுக்கை முன்கூட்டியே நெருக்கிவிடுகின்றன. நான் வாங்கிய மலிவுத் துணியில் அது நடந்திருக்கவில்லை. இப்போது நான் எந்தப் பின்னல் துணியையும் வெட்டுவதற்கு முன் அதில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத மையால் குறித்து, வீட்டில் எப்படித் துவைப்போமோ அப்படியே துவைத்து உலர்த்தி அளக்கிறேன். அந்தப் பழைய துணியில் நெடுக்கு 46 செ.மீ. ஆகவும் குறுக்கு 49 செ.மீ. ஆகவும் ஆயின, அதாவது நெடுக்கில் 8 விழுக்காடு, குறுக்கில் 2 விழுக்காடு. இரண்டு திசையிலும் ஒரே அளவு சுருங்கும் என்று எண்ணி நெய்த துணிக்குச் செய்வதுபோல் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவது இங்கே பயன்தராது. முழுத் துணியையும் துவைத்துவிட்டு வெட்டுவதே சிறந்தது. அது முடியாதபோது மட்டும் நெடுக்குக்கும் குறுக்குக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டலாம்.

தையல் முன்னுக்கு வந்த குறைக்குக் காரணம் நூலின் முறுக்கு. நூற்கும்போது நூல் ஒரு பக்கமாக முறுக்கப்படுகிறது. முறுக்கிய நூலின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல அருகே கொண்டுவந்தால், நடுவில் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். எவரும் கையால் செய்து பார்க்கலாம். அதே விருப்பம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இருக்கிறது. ஒற்றைப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால், நனைந்து தளரும்போது எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நேராக நிற்க வேண்டிய வேல்கள் சரிகின்றன. வேல் சரிந்தால் அதையொட்டி வெட்டிய சட்டையின் பக்கமும் சரியும். கண்ணி தளர்வாக இருக்கும் துணியிலும் முறுக்கு மிகுந்த ஒற்றைப்புரி நூலிலும் இது அதிகம். எதிர் முறுக்கில் சேர்த்த இரட்டைப்புரி நூலில் மிகக் குறைவு. வெட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு 50 செ.மீ. சதுரங்களை முகப்பு வெளியே இருக்கும்படி வைத்து, இரு பக்க ஓரங்களையும் மேல் ஓரத்தையும் தைத்துப் பைபோல் ஆக்கி, மூன்று முறை துவைத்த பிறகு, பக்கத் தையல் கீழ் விளிம்பில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால் போதும். இரண்டரை செ.மீ.க்கு மேல், அதாவது 5 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்தத் துணியில் பக்கத் தையல் உள்ள ஆடை எதையும் நான் தைப்பதில்லை. இந்தக் குறையைத் தையலால் சரிசெய்ய முடியும் என்று சொல்பவர்களை நம்பிச் சில துணிகளை வீணாக்கியிருக்கிறேன். முடியாது என்பதே என் முடிவு.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் கண்ணியின் அமைப்பைப் பார்த்தே முடிவெடுக்கிறேன். ஒரு வேல் முகப்பிலும் அடுத்த வேல் பின்புறத்திலுமாக மாறி மாறி நிற்பது ரிப். இதற்கு இரண்டு ஊசி வரிசைகள் தேவை. பின்புற வேல்கள் முகப்பு வேல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் ரிப் இயல்பாகவே ஒடுங்கியிருந்து, இழுத்தால் மிகவும் விரிந்து, விட்டால் திரும்பும். இரு பக்கமும் சமமாக இழுப்பதால் ஓரமும் சுருளாது. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடுப்புப் பட்டிக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ரிப்புகள் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டது இண்டர்லாக். இரு புறமும் ஒரேபோல வழுவழுப்பாகவும், தடிப்பாகவும், நிலையாகவும் இருக்கும், அவ்வளவாக விரியாது. ஓரம் சுருளாததாலும் வேல்கள் சரியாததாலும், புதிதாகப் பின்னல் துணி தைக்கத் தொடங்குபவர்கள் ஒற்றைப் பின்னலில் அல்லாமல் இண்டர்லாக்கில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகளின் உள்ளாடைக்கும் அது இதமானது. கண்ணிகளில் சிலவற்றை முடிக்காமல் மேலே அடுக்கிவிட்டுச் சிறு குழிகளாகத் தெரியும்படி பின்னுவது பிக்கே; காலர் வைத்த விளையாட்டுச் சட்டைகள் பெரும்பாலும் அதில்தான். உட்புறம் நூல் மிதக்கும்படி பின்னி, அந்த மிதப்பைக் கம்பித் தூரிகையால் கிளறி மயிர்போல் எழுப்பினால் குளிருக்கான ஃபிளீஸ் கிடைக்கும். நீச்சலுடையும் பூவேலை வலைத்துணியும் வேறு குடும்பம். அவற்றில் ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனி நூல் பாவிலிருந்து வந்து பக்கத்து வேலோடு கோத்துக்கொள்வதால், ஓரிடத்தில் அறுந்தாலும் நெடுக ஏணிபோல் பிரிவதில்லை.

எடையைக் கடைக்காரரிடம் கேட்காமல் நானே பார்த்துக்கொள்கிறேன். 10 செ.மீ. சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டிச் சிறு மின்தராசில் நிறுத்து, வந்த கிராமை 100ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் எடை, அதாவது ஜிஎஸ்எம், தெரிந்துவிடும். 150க்கு அருகில் இருந்தால் வெயிற்காலச் சட்டைக்கு. 180 என்றால் தினசரி உழைப்புக்கு. 280ஐத் தாண்டினால் குளிருக்கு என்று ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறேன். ஆனால் எடை மட்டும் தரம் ஆகாது. தடித்த நூலைத் தளர்வாகப் பின்னினாலும் எடை வரும். ஆகவே 10 செ.மீ. அகலத்தை 15 செ.மீ. வரை இழுத்து, பத்து விநாடி பிடித்து விட்டு, அது எங்கே வந்து நிற்கிறது என்றும் பார்க்கிறேன். 11 செ.மீ.யிலேயே நின்றுவிடும் துணி, முழங்கால் மடங்கும் காற்சட்டையில் ஒரே நாளில் பைபோல் தொங்கிவிடும். லைக்ரா போன்ற நெகிழிழை சிறிதளவு சேர்ந்திருந்தால் இந்தத் திரும்பும் குணம் வெகுவாகக் கூடுகிறது.

வெட்டும் மேசையில் நான் மாற்றிக்கொண்ட பழக்கங்கள் பல. சுருளாக வந்த துணியைப் பிரித்து, இழுக்காமல் மேசையில் ஒரு நாள் முழுவதும் கிடத்திவைக்கிறேன். சுருட்டும்போது இழுபட்ட கண்ணிகள் அதற்குள் ஓரளவு அடங்கிவிடும். மேசையின் ஓரத்தில் துணி தொங்கினால் அதன் எடையே அதை இழுத்துவிடும் என்பதால், மீதியை மடித்து நாற்காலியில் தாங்கவைப்பது அவசியம். துணியின் ஓரத்தை நம்பி மடிக்காமல், ஒரே வேல் வரிசையைக் கண்ணால் தொடர்ந்து அதன் வழியே மடிக்கிறேன். உடலைச் சுற்றி வரும் திசையில்தான் துணி அதிகம் விரிய வேண்டும். ஆகவே வேல்கள் எப்போதும் தலையிலிருந்து காலுக்கு.

தோளில் கண்ட துளைகள் கூர்நுனி ஊசியால் வந்தவை. கூர்ந்த ஊசி கண்ணியின் நூலைக் குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது, இரண்டு சலவைக்குப் பிறகு அறுந்த கண்ணி பிரிந்து துளையாகும். முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி நூலை ஒதுக்கிக்கொண்டு இடைவெளியில் இறங்கும். மெல்லிய துணிக்கு 70 எண், கனத்ததற்கு 80 எண் பயன்படுத்துகிறேன். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை ஊசியை மாற்றிவிடுகிறேன். நேர்த்தையல் துணியோடு சேர்ந்து விரியாததால், தலையை நுழைக்கும்போதே கழுத்தில் நூல் அறுந்துவிடும். துணியோடு விரியும்படி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் நான்கு நூல் ஓவர்லாக் இயந்திரம் இருந்தால் இணைப்புகளுக்கு அதுவும், விளிம்பு மடிப்புக்குத் தட்டையாகத் தைக்கும் பிளாட்லாக் இயந்திரமும் சிறந்தவை. இரண்டும் இல்லாதபோது, வீட்டு இயந்திரத்தில் மிகக் குறுகிய ஜிக்ஜாக் தையல் நன்றாகவே நிற்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அலை அலையான என் கழுத்துப் பட்டிக்குப் பாதி காரணம், பாதம் மேல் துணியை முன்னே தள்ளிக்கொண்டே போனதுதான். மறுபாதி, பட்டியைக் கழுத்தின் அளவுக்கே வெட்டியது. 50 செ.மீ. கழுத்துக்கு இப்போது ரிப் பட்டியை 42 செ.மீ. மட்டுமே வெட்டி, இரண்டையும் நான்கு சம பகுதிகளாகக் குறித்துக்கொண்டு, பட்டியை மட்டும் இழுத்துச் சட்டையை இழுக்காமல் தைக்கிறேன். ரிப் ஒடுங்கும்போது கழுத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு உடம்போடு படிகிறது. தோளில் மட்டும் விரிவு வேண்டாம்; அங்கே ஒரு மெல்லிய நாடாவைச் சேர்த்துத் தைத்துவிட்டால், சட்டையின் முழு எடையையும் தாங்கும் அந்த இடம் நீளாமல் நிற்கும்.

துவைத்த பின்னல் ஆடையைக் கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிடுவதை வீட்டில் நிறுத்திவிட்டோம். ஈர எடை வேல்களை இழுத்துக்கொண்டே உலர்வதால், நீளம் கூடி அகலம் குறைந்து ஆடை உருமாறும். கனத்த கம்பளிப் பின்னலில் இது மிக வேகமாக நடக்கும். தட்டையாக விரித்து உலர்த்துகிறோம், மடித்து அடுக்குகிறோம். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் தேய்த்து ஓட்டாமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்த வேண்டும்.

அந்த முதல் சட்டையின் துண்டு ஒன்று என் தையல் பெட்டியில் இருக்கிறது, நூறு கண்ணிக்கு 28 செ.மீ. என்ற குறிப்போடு. அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, எடை, கண்ணி நீளம், இரு திசைச் சுருக்கம், மூன்று சலவைக்குப் பின் தையல் விலகிய அளவு ஆகியவற்றை எழுதி அதனோடு சேர்த்துவைத்திருக்கிறேன். மகனுக்குச் சென்ற மாதம் தைத்த சட்டை 180 ஜிஎஸ்எம் இண்டர்லாக். நான்கு சலவை முடிந்திருக்கிறது, பக்கத் தையல் கீழ் விளிம்புவரை விலாவோடே இறங்குகிறது.